லிப் இல்லாத அழுகை

திரையில் இருக்கும் பெண் அழுவதற்காக வாயைத் திறப்பாள். சத்தம் என் வாயிலிருந்து வரும். இதுதான் என் பிழைப்பு.

வெளிநாட்டு சீரியல்களுக்கு எங்கள் மொழியில் குரல் கொடுக்கும் ஸ்டூடியோ அது. பேசுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு, கத்துவதற்கும் உண்டு. அழுகைக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். கதாநாயகிக்குப் பேசுகிறவள் வேறொருத்தியாக இருந்தாலும், அழுகிற காட்சி வந்துவிட்டால் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மைக் முன்னால் நிறுத்துவார்கள். அழுமூஞ்சி அக்கா என்று எனக்குப் பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேறு ஸ்டூடியோக்காரர்களும் என்னைத் தேடி வந்தார்கள், அதனால் நான் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த வேலையில் கண்ணீரை யாரும் பார்க்கப்போவதில்லை. மூச்சை எங்கே உடைப்பது, விசும்பலை எங்கே விழுங்குவது என்பதுதான் தொழில். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு: திரையில் அவள் வாய் மூடினால் உன் அழுகையும் மூட வேண்டும். மூடிய வாயின் மேல் அழுகைச் சத்தம் வந்தால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அதை நாங்கள் 'லிப் இல்லை' என்போம். லிப் இல்லாத சத்தத்துக்கு எங்கள் உலகத்தில் இடமில்லை.

இவ்வளவும் பயிற்சியில் வந்துவிடும். தொண்டையில் ஒரு அடைப்பு வரவேண்டுமே, அது பயிற்சியில் வராது. நடித்தால் இருமல் மாதிரிக் கேட்கும். அதற்காக நான் ஏதாவது ஒரு சின்னத் துக்கத்தை நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் தொலைத்த குடை, பக்கத்து வீட்டார் காலி செய்துகொண்டு போன நாள், இப்படி ஏதாவது. பெரிய துக்கம் தேவைப்பட்டதே இல்லை. எனக்கு அழுகை அவ்வளவு சுலபமாக வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர் என்பதாலோ என்னவோ, சீரியலையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். மூன்று சேனல்களில் என் குரல் எங்கெங்கே வருகிறது என்று கண்டுபிடித்து, இரவு சாப்பாட்டுக்கு முன் போன் செய்து சொல்வார். "இன்னைக்கு மாமியார் செத்தப்ப அழுதது நீ. கல்யாணம் நின்னப்ப அழுதது நீ இல்ல, அவ வேற யாரோ, மூக்கால அழுறா." ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லாமலேயே எல்லாம் கைவிட்டுப் போயிற்று. காலையில் எழுந்து பல் துலக்குவது மலையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. வாழப் பிடிக்கவில்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? மனதுக்குள் ஒரு முடிவுக்கே வந்துவிட்டேன். அந்த முடிவோடுதான் ஒருநாள் வேலைக்குப் போய் ஒரு காட்சிக்கு அழுதேன். எந்தக் குடையையும் நினைக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அது ஒளிபரப்பான அன்று அப்பா போன் செய்தார். எப்போதும் போல ஆரம்பிக்கவில்லை.

"இன்னைக்கு வந்த ரெண்டாவது அழுகை நடிப்பு இல்லையேம்மா. என்ன ஆச்சு உனக்கு?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அங்கயே இரு, வரேன்" என்றார். வந்தார். மறுநாள் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். வெளியே நாற்காலியில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவள். சில வாரங்களில் பல் துலக்குவது வெறும் பல் துலக்குவதாக ஆயிற்று. அந்த முடிவு என்னை விட்டுப் போய்விட்டது. போகும்போது சும்மா போகவில்லை, கையில் அகப்பட்டதையெல்லாம் சுருட்டிக்கொண்டு போயிற்று.

முதலில் வாய் வறண்டது. வறண்ட வாய் மைக்கில் சப்சப் என்று கேட்கும். எங்கள் சவுண்டு இன்ஜினியர் நல்ல மனிதர், நான் தம்பி என்று கூப்பிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா, தண்ணி" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அலுத்துப்போயிற்று. பிறகு வியர்வை, தூக்கம், ஏறிக்கொண்டே போன எடை. படுக்கையில் வீட்டுக்காரரின் கை என்மேல் பட்டால் தோளில் துண்டு விழுந்த மாதிரிதான் இருந்தது. அவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற மனிதர், நாசூக்காகப் பேசத் தெரியாது. "பரவாயில்ல விடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் சொன்ன விதத்தில் நான் கதறி அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பல மாதங்களாகவே நான் அழவில்லை.

அப்பா ஒரு காலையில் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. செய்தி சொன்னவரிடம் நான் "சரி" என்றேன். சரி! கடைக்காரன் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சொல்வோமே, அந்தச் சரி.

அவரைக் கிடத்தியிருந்த அறையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழிலே அதுதானே, இவள் எப்படி அழப்போகிறாள் என்று. நான் சுவரோரமாக நின்று, அவர் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் எங்கோ இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுகிற மாதிரி அது இருப்பது தெரிந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் அழுவா. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு வரல பாரு."

அத்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். அத்தையே ஒரு மூலிகை எண்ணெய் கொண்டுவந்து உச்சியில் தேய்த்தாள். அதன் நாற்றத்தில் ஸ்டூடியோவில் எனக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கொழுந்தனார் ஓடச் சொன்னார். ஓடினேன், முட்டி பிடித்துக்கொண்டது. மாடி வீட்டு அம்மா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சு விடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு! வில்லனுக்குக் குரல் கொடுக்கிற அண்ணன் "மாத்திரையத் தூக்கிக் குப்பைல போடும்மா, எல்லாம் மனசுதான்" என்றார். மனசுதான் அண்ணே. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

மருத்துவரிடமும் சொன்னேன். அந்த அம்மா என்னைக் கேலியாகப் பார்க்கவில்லை. "நிறையப் பேருக்கு இப்படி ஆகுது. வலியைக் குறைக்கும்போது மத்ததும் சேர்ந்து மட்டுப்படுது. அளவைக் குறைச்சுப் பாக்கலாம், வேற மாத்திரைக்கு மாறலாம். கூடவே வாரா வாரம் பேசுற சிகிச்சையும் வெச்சுக்கலாம். ஆனா எல்லாமே மெதுவா. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். மெதுவா என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை வந்து பேசுகிறேன் என்று எழுந்துவந்தேன். அடுத்த முறையைத் தள்ளிப்போட்டேன்.

ஏனென்றால் ஸ்டூடியோவில் என் நிலைமை சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. சவுண்டுத் தம்பி என் பழைய அழுகைகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். விசும்பல் தனியாக, தேம்பல் தனியாக. எனக்கு வராத இடத்தில் அவற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார். டப்பிங் டைரக்டருக்குத் தெரியாமல் செய்த உபகாரம். ஆனால் எத்தனை நாளைக்கு? ஒரே விசும்பலை மூன்று சீரியல்களில் கேட்டுவிட்டு டைரக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"பெரிய சீன் வருதும்மா. புருஷன் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடறான். அவ வெறும் தரையில உக்காந்து அழணும். உங்களால முடியுமா, இல்ல வேற பொண்ணைப் பாக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி எனக்கு உதவுவதாக நினைத்து, "இது எப்படி இருக்கு சார்?" என்று ஒரு பழைய துண்டை ஓடவிட்டார். ஸ்பீக்கரில் வந்தது அந்த அழுகை. குடையை நினைக்காமல் அழுதது. அப்பா கண்டுபிடித்தது.

"இதான்! இதையே போடு" என்றார் டைரக்டர்.

"அதை மட்டும் போடாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் புதுசா அழறேன் சார். எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

அன்று இரவு மாத்திரை போடவில்லை. அடுத்த இரவும் போடவில்லை. அழுகையை விற்றுப் பிழைக்கிறவளுக்கு மட்டுமே இப்படி ஒரு புத்தி போகும்: உயிரைக் காப்பாற்றுகிற மருந்தை, ஒரு காட்சிக்காக நிறுத்துவது. வேலைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பாவுக்காகத்தான். ஒரே ஒரு தடவை அவருக்காக அழுதுவிட்டால் போதும், பிறகு காலம் முழுக்கக் கல்லாய்க் கிடக்கிறேன் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

சில நாள்களில் உடம்பு கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் அடித்தது. படியிறங்கும்போது தரை நழுவியது. கனவில் யார் யாரோ துரத்தினார்கள். குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னதற்காக வீட்டுக்காரர் மேல் டம்ளரை எறிந்தேன். அவர் குனிந்து அதை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, "மாத்திரை போடறியா?" என்று கேட்டார்.

"போடறேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

பதிவு நாளன்று ஸ்டூடியோ கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. கதவில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. கீழே ஒரு எண்ணெய்க் கந்தல் கிடந்தது. அவ்வளவுதான். தொண்டை அடைத்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு! நான் அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று படியேறி ஓடினேன்.

மைக் முன்னால் நின்றேன். ஹெட்போனை மாட்டினேன். திரையில் அவள் வெற்றுத் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நானும் திறந்தேன்.

வந்தது. முதல் மூச்சு எங்கே உடைந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உடைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்து அழ, நான் நிமிர்ந்துகொண்டு அழுதேன். அவள் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள், நான் நிறுத்தவில்லை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அவள் வாய் மூடிவிட்டது. அது எனக்குத் தெரிகிறது, இத்தனை வருடப் பழக்கம், மூடு, மூடு என்கிறது. என்னால் மூட முடியவில்லை. மூடிய அந்த உதட்டின் மேல் "அப்பா" என்று கத்தினேன்.

காட்சி முடிந்து திரை கறுத்தது. ஹெட்போனுக்குள் கைதட்டல் கேட்டது.

"பிரமாதம்மா! இவ்வளவு நாளா எங்க வெச்சிருந்தீங்க இதை?" என்றார் டைரக்டர். பிறகு தம்பியிடம், "கடைசில ஒரு அப்பா வருது பாரு, அதை மட்டும் வெட்டிடு. லிப் இல்ல" என்றார்.

"நாளைக்கு அடுத்த சீன். இதே மாதிரி வேணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன். நிற்கவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். அப்பாவுக்காக ஆரம்பித்த அழுகை எந்த இடத்தில் அப்பாவை விட்டு இறங்கியது என்று தெரியவில்லை. இப்போது அது யாருக்காகவும் இல்லை. அதனோடு அந்தப் பழைய முடிவும் வந்து, என்னவோ தன் வீட்டுக்குத் திரும்பிவந்தது போல, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் குரல் எனக்கு அத்துப்படி. வா போகலாம் என்றது.

எனக்குப் பயம் வந்தது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. இந்த அழுகை சில நாளில் ஒளிபரப்பாகும். ஊரே கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இது நடிப்பு இல்லையே என்று போன் செய்கிற ஒரே மனிதர் இல்லை. அவர் இல்லாததற்காகத்தானே இவ்வளவும் செய்தேன், முட்டாள் முட்டாள் என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். இனி யாரும் தானாகக் கேட்டு வரப்போவதில்லை. நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

தம்பி கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அக்கா, சீன் முடிஞ்சிடுச்சுக்கா" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

"என் வீட்டுக்காரருக்கு போன் போடுங்க" என்றேன். "நான் மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. என்னை நானே ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருக்குன்னு சொல்லுங்க. அவர் வர்ற வரைக்கும் என்னைத் தனியா விடாதீங்க."

தம்பி அந்த வார்த்தைகளை அப்படியே போனில் சொன்னார்.

வீட்டுக்காரர் டயர்க் கரி படிந்த கையோடு, டிப்போ சட்டையோடு வந்தார். அந்தக் கரிக் கையாலேயே என் முகத்தைத் துடைத்தார். கிளம்பும்போது தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, அந்த அப்பா... வெட்டி எடுத்துட்டேன். அழிச்சிடவா?"

"எனக்கு அனுப்புங்க" என்றேன்.

மருத்துவர் அன்று மாலையே பார்த்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. இப்போதைக்குப் பழைய மாத்திரைதான். நிலைமை சரியானதும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே நேரத்தில் வேறொன்றை மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். வாரம் ஒரு நாள் பேசுகிற சிகிச்சைக்கு வரவேண்டும். கொஞ்ச காலத்துக்கு வீட்டுக்காரர் கூடவே இருக்கவேண்டும்.

"புது மாத்திரைல எனக்கு அழுகை வருமா டாக்டர்?"

"வரலாம். சிலருக்கு வந்திருக்கு. வரும்னு சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா."

பொய் சொல்லாததற்காக அவரைக் கும்பிடலாம். அதற்காகவே கழுத்தை நெரிக்கவும் தோன்றியது.

அடுத்த காட்சிக்கு வேறொரு பெண் அழுதாள். மூக்கால் அழுகிறவள். டைரக்டர் என்னைப் பிறகு கூப்பிடவில்லை. எனக்கு வருத்தமா என்று கேட்டால், இருந்திருக்கும். மாத்திரை மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டது. தலைக்குள் அடித்த மின்சாரம் நின்றது. அந்த முடிவு எழுந்து போனது. அதன் பின்னாலேயே அப்பாவும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் உட்கார்ந்து போனில் அந்தத் துண்டை ஓடவிட்டேன். ஒரே ஒரு சொல். மறுபடி ஓடவிட்டேன். என் குரல்தான். நான் கொடுத்த குரல் எத்தனையோ பேர் வாயில் ஒட்டிக்கொண்டது. இது மட்டும் ஒட்ட வாயில்லாமல் என் கையில் கிடந்தது. தொண்டை அடைக்கிறதா என்று காத்திருந்தேன். மறுபடி ஓடவிட்டேன்.

வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி. "லீவுலயும் வேலையா? எந்த சீரியல் அது?"

"சீரியல் இல்ல."

அவர் அடுப்பை அணைத்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கடைசியில் சரி செய்து போட்டது இவர்தான், அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவர் தோள் முதலில் குலுங்கியது. பிறகு டிப்போவில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அந்தத் தொண்டையிலிருந்து, மூச்சை எங்கே உடைக்க வேண்டும் என்று எதுவுமே தெரியாத ஒரு அழுகை வந்தது. "மாமா" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கும் சேத்து அழுங்க" என்றேன்.

அழுவதற்காக வாயைத் திறந்தேன். சத்தம் அவரிடமிருந்து வந்தது.